கொடிக் கம்புக்கு வந்த வாழ்வு

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குச் செக்போஸ்ட்டில் நின்ற லாரி, இன்று காலை பதினொன்றுக்குத்தான் நகர்ந்தது. எதற்கு? ஒரு சாண் கொடிக் கம்புக்கு. 2017ல் ஜிஎஸ்டி வந்தபோது, செக்போஸ்ட் தொல்லை ஒழிந்தது என்று லட்டு கொடுத்த ஆள் நான்.

திருச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு ஓடிசி லோடு, அதாவது சாதா அளவுக்கு அடங்காத பெரிய சரக்கு, பாய்லர் பாகம். பெர்மிட்டில் உள்ள அகலம் 4.20 மீட்டர். 2.6 மீட்டருக்கு மேல் அகலம் போகக் கூடாது என்பதால்தானே ஐயா பெர்மிட்டே வாங்குகிறோம்! தேசிய நெடுஞ்சாலைக்கு ஒன்று, அதைத் தொடும் வரைக்கும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் ஒன்று, குறுக்கே தொங்கும் ஒயருக்கு மின்வாரியத்திடம் ஒன்று. அந்த ஃபைலை ஏற்றவே தனி ஆக்சில் வேண்டும்.

அதிகாரி டார்ச்சும் டேப்புமாக வந்தார். ஃபைலைத் திறக்கவில்லை. டேப்பின் ஒரு முனையை நம் கிளீனர் பையனிடமே கொடுத்து, "இழுத்துப் பிடி" என்றார். இந்தப் பக்கத்துக் கொடிக் கம்பு நுனியிலிருந்து அந்தப் பக்கத்துக் கொடிக் கம்பு நுனி வரை.

"4.46. ஜாஸ்தியா இருக்கே."

"சார், அது கொடி. லோடு உள்ளேயே முடிஞ்சிருச்சு."

"வெளிய நீட்டிட்டு இருக்கா, இல்லையா?"

நீட்டிக்கொண்டுதான் இருக்கும். எதிரே வருகிறவன் கண்ணில் படத்தானே கட்டுகிறோம்? சிவப்புக் கொடி இல்லாமல் ஓட்டாதே என்று பெர்மிட்டிலேயே போட்டிருக்கிறார்கள். சரி, கழற்றிவிட்டு அளந்து பாருங்கள் என்றேன். கழற்றினால் கொடி இல்லாத வண்டியாம், அதற்குத் தனிக் கேஸாம். உள்பக்கமாக மடக்கிக் கட்டினோம். அதற்குள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டார். எழுதியது எழுதியதுதானாம். பக்கவாட்டில் நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம், இறக்குகிற செலவும் உங்கள் தலையில் என்று பிரிவு நம்பரோடு ஒப்பித்தார். கிரேன் இல்லாமல் அசையாத சாமானை எங்கே இறக்குவது, அவர் மேஜை மேலா?

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில், சாதா லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும், ஓடிசிக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். மாட்டு வண்டியே இதைவிட வேகமாகப் போகுமே என்று முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது புரிகிறது, அந்தக் கணக்கைப் போட்ட புண்ணியவான் எங்களோடு ஒரு டிரிப் வந்திருக்கிறார்.

காலையில் ஆள் மாறினார். புதியவர் லோடை மட்டும் அளந்தார். 4.18. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு, ஏன் இங்க நிக்கறீங்க?" என்றார். ஏன் நிற்கிறோமாம்! டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது.

அப்புறம் ஒன்று. பதினாலு மணி நேரத்தில் ஏழு டீ குடித்திருக்கிறேன். ஒரு டீ பதினைந்து ரூபாய், பேப்பர் கப் என் கட்டைவிரல் உயரம். டேப் வைத்திருக்கும் யாராவது அதை அளந்தால் தேவலை.