ரிப்பேர் ஆன ஹைட்ராலிக் பம்ப் மறுபடி மறுபடி போகிறதா? மூன்றாவது தடவை கழற்றுவதற்கு முன்

பம்ப் ஒருமுறை போனால் ரிப்பேர் செய்து மாட்டுகிறோம். அதுவே மறுபடி போனால் பஞ்சாயத்து தொடங்கிவிடும். "வேலை சரியா பண்ணல" என்பார்கள் மெஷின் பக்கத்தில். "உங்க ஆயில்ல அழுக்கு" என்பார்கள் ரிப்பேர் பக்கத்தில். இரண்டு பக்கமும் ஒரு கேஜைக்கூட மாட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். பம்ப் மூன்றாவது முறையாக மேசைக்குப் போகும், புது சீல் கிட் விழும், திரும்பி வரும்.

இரண்டாவது முறை போன பம்புக்கு அடுத்த ரிப்பேர் ஆர்டர் போடும் முன் நான்கு அளவுகள் கையில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பம்பின் சக்ஷன் வாயில் எவ்வளவு வெற்றிடம்? பம்பின் வெளிக்கூடான கேஸுக்குள் எவ்வளவு அழுத்தம்? உள்ளே கசிந்த ஆயிலைக் கேஸிலிருந்து டேங்குக்குக் கொண்டுபோகும் குழாயான கேஸ் டிரெய்னில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? ஆயிலில் எவ்வளவு துகள்? இந்த நான்கும் தெரியாமல் யார் என்ன சொன்னாலும் யூகம்தான். நான் இங்கே பேசுவது முக்கியமாக ஆக்ஸியல் பிஸ்டன் பம்ப் பற்றி. இதில் ஷாஃப்டோடு சுற்றும் சிலிண்டர் பிளாக்குக்குள் பிஸ்டன்கள் முன்னும் பின்னும் போய் ஆயிலைத் தள்ளும். பிஸ்டன் முனையில் மாட்டிய ஷூ, சாய்ந்து நிற்கும் ஸ்வாஷ் பிளேட்டின் மேல் வழுக்கி ஓடும். பிளாக்கின் மறுமுகத்தில் ஆயில் வந்துபோகும் வாய்கள் கொண்ட வால்வ் பிளேட். கியர் பம்புக்கும் பாதிக்குமேல் பொருந்தும்.

செலவே இல்லாத துப்பு ஒன்று உண்டு. மாட்டியபின் எவ்வளவு நேரம் ஓடியது? சில நிமிடங்களில் பிடித்துக்கொண்டால் கேஸில் ஆயில் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்தது, சுழலும் திசை மாறியது, பூட்டியதில் பிழை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சில மணி நேரம், சில நாள் என்றால் சிஸ்டத்தில் தங்கிய பழைய துகளையும் சக்ஷனையும் சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் ஓடிப் போனால் பம்பை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங், சூடு, தண்ணீர், மெல்ல ஏறிய அழுக்கு. இது சட்டம் இல்லை, தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கான குறிப்பு. அதனால் மாட்டிய அன்றே, மெஷின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரின் ரீடிங்கை எழுதி வையுங்கள்.

அடுத்தது, கழற்றியவுடன் எல்லாப் பாகத்தையும் டீசலில் போட்டுக் கழுவும் பழக்கம். சாட்சியை நாமே அழிக்கிறோம். கழுவும் முன் போட்டோ எடுங்கள். கேஸின் அடியில் தேங்கிய ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்து, தங்கியதைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் பேரிங், ஷாஃப்ட், ஸ்வாஷ் பிளேட் பக்கம். ஒட்டாத மஞ்சள் மினுக்கு என்றால் வெண்கலம், அதாவது பிஸ்டன் ஷூ அல்லது சிலிண்டர் பிளாக்கின் முகம். கறுப்பு ரப்பர் துணுக்கு இருந்தால் சீலையோ ஹோஸின் உள்பூச்சையோ பாருங்கள்.

ஷூவின் முகம் நிறையப் பேசும். சுற்றிச் சுற்றிக் கோடு விழுந்திருந்தால் துகள். நீலம் பாய்ந்து, வெண்கலம் இழுபட்டுப் பரவியிருந்தால் ஆயில் படலம் இல்லாமல் ஓடியிருக்கிறது: காய்ந்த ஸ்டார்ட், அல்லது சூட்டில் நீர்த்துப்போன ஆயில். விஜி 46 ஆயில் 40 டிகிரியில்தான் 46 சென்டிஸ்டோக் (ஆயிலின் கெட்டித்தன்மையின் அளவு). 80 டிகிரியில் ஏறத்தாழ 11 தான் மிஞ்சும். பல பிஸ்டன் பம்புகள் நிம்மதியாக ஓடுவது 16 முதல் 36 வரை.

ஷூவின் ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ, பிஸ்டனின் உருண்டை முனையிலிருந்து ஷூ பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாலோ அழுக்கைக் குறை சொல்லாதீர்கள். ஷூ, ஸ்வாஷ் பிளேட்டை விட்டு எழும்பியிருக்கிறது. உறிஞ்சும் பாதியில் பிஸ்டனை வெளியே இழுப்பது ரிடெய்னர் பிளேட். ஆயில் போதுமான வேகத்தில் வராவிட்டால் பிஸ்டன் பிளாக்குக்குள்ளேயே நிற்கப் பார்க்கும், ரிடெய்னர் ஷூவைப் பிடித்து இழுக்கும். கேஸ் அழுத்தம் ஏறினாலும் இதே கதைதான். கேஸுக்குள் இருக்கும் அழுத்தம் பிஸ்டனை உள்பக்கம் தள்ளும். காரணம் இரண்டு, அடையாளம் ஒன்று. இரண்டுமே பம்புக்கு வெளியே இருக்கின்றன. இதற்கு ஒன்பது புது ஷூ போட்டால் ஒன்பது ஷூ வீண்.

வால்வ் பிளேட்டில், உயர் அழுத்த வாய் தொடங்கும் பள்ளத்துக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக அரித்திருந்தால் கேவிட்டேஷன் (ஆயில் பற்றாமல் உண்டாகும் குமிழிகள் உடைந்து அரிப்பது), அல்லது ஆயிலில் காற்று. ஷாஃப்ட் உடைந்திருந்தால் உடைந்த முகத்தில் அலை அலையான வளையம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அலைன்மென்ட் பக்கம் போங்கள்.

சக்ஷனுக்கு வருவோம். வெற்றிட கேஜைப் பம்பின் வாயருகே மாட்டுங்கள், டேங்க் பக்கம் அல்ல. காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும்போது ஒரு ரீடிங், முழு ஓட்டத்தில் சூடானபின் ஒரு ரீடிங். பல பிஸ்டன் பம்புகள் கேட்பது குறைந்தது 0.8 பார் அப்சல்யூட் அழுத்தம் (முழு வெற்றிடத்தைப் பூஜ்யமாக வைத்து எண்ணுவது). அதாவது கடல் மட்டத்தில் காற்றழுத்தத்துக்குக் கீழே சுமார் 0.2 பார் வரைதான் இறங்கலாம். மலைப்பகுதியில் காற்றழுத்தமே குறைவு என்பதால் அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். தாண்டினால் குழாயைப் பாருங்கள். சக்ஷனில் ஆயிலின் வேகம் விநாடிக்கு 1 மீட்டரை ஒட்டி இருப்பது நல்லது. உள்விட்டம் மில்லிமீட்டரில் வேண்டுமென்றால், நிமிட லிட்டரை வேகத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 4.6 ஆல் பெருக்குங்கள். 100 லிட்டருக்கு 46 மி.மீ. வரும். அங்கே ஒன்றேகால் இஞ்ச் ஹோஸ் தொங்கினால் வியாதி தெரிந்துவிட்டது.

குழாய் சரியாக இருந்தும் வெற்றிடம் ஏறினால் மூன்று இடங்கள். பாதி திறந்து நிற்கும் பட்டர்ஃபிளை வால்வ். வெளியே நன்றாகத் தெரிந்து, உள்பூச்சு உரிந்து, ஓடும்போது மட்டும் மூடிக்கொள்ளும் ஹோஸ். டேங்குக்குள் மூழ்கி, எல்லோரும் மறந்துபோன ஸ்ட்ரெய்னர். பழைய பம்ப் உடைந்த துகளெல்லாம் தேடிப் போய் ஒட்டுவதும் அந்த ஸ்ட்ரெய்னரில்தான். மூடிய, சுத்தமான டேங்கில் சக்ஷன் ஸ்ட்ரெய்னரே வேண்டாம் என்பேன். நல்ல ரிட்டர்ன் ஃபில்டரும், டேங்குக்குள் போகும் காற்றை வடிகட்டும் பிரீதரும் போதும். இதை ஏற்காதவர்கள் உண்டு, வைத்துக்கொள்ளட்டும். அப்படியானால் வெற்றிட இண்டிகேட்டரும் சேர்த்து வைக்கட்டும்.

வெற்றிடம் குறைவாக இருந்தும் பம்ப் கரகரவென்று கத்தினால் காற்று இழுக்கிறது. டேங்கில் நுரை தெரியும். சக்ஷன் ஜாயின்டுகளில் ஒவ்வொன்றாக ஆயில் தடவிப் பாருங்கள், எங்கே தடவும்போது சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை. ரிட்டர்ன் குழாய் ஆயில் மட்டத்துக்கு மேலே முடிந்து அருவி மாதிரி கொட்டுகிறதா என்பதையும் பாருங்கள்.

அடுத்து கேஸ் டிரெய்ன். பலர் இதை ஒரு லீக் குழாயாகவே நினைக்கிறார்கள். கேஸின் மேல் போர்ட்டிலிருந்து எடுத்து, தனியாக, நேராக டேங்குக்கு, ஆயில் மட்டத்துக்குக் கீழே போய் முடிய வேண்டும். பொது ரிட்டர்னில் டி போட்டு இணைத்துவிட்டால், பெரிய சிலிண்டர் திரும்பும் ஒவ்வொரு முறையும் கேஸுக்குள் ஒரு குத்து விழும். ஷாஃப்ட் சீல் திரும்பத் திரும்பப் பிதுங்குகிறது என்று கம்பெனி மாற்றிச் சீல் வாங்குகிறவர்கள் முதலில் அந்த டி-யைத் தேடட்டும். கேஸ் அழுத்தம் இன்லெட்டைவிட அரை பார் கூடினாலே சகிக்காத மாடல்கள் உண்டு, சில இன்னும் கொஞ்சம் தாங்கும். உங்கள் மாடலின் எண்ணைக் கேட்லாகில் பாருங்கள்.

கேஸ் டிரெய்ன் லீக்கேஜை அளக்க ஃப்ளோ மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அளவுக்கோடு போட்ட வாளியும் ஸ்டாப் வாட்சும் போதும். ஒரு சுற்றுக்கு 71 சிசி தரும் பம்ப் 1500 ஆர்பிஎம்மில் கணக்குப்படி நிமிடத்துக்கு 106.5 லிட்டர் தரும். நல்ல நிலையில் அதில் சில சதவீதம்தான் கேஸ் வழியே போகும். 10 சதவீதத்தை நெருங்கினால் கழற்ற வேண்டிய நேரம். 200 பாரில் 10 லிட்டர் கசிந்தால் சுமார் 3.3 கிலோவாட் சூடாக மாறி ஆயிலில் சேர்கிறது. சூட்டில் ஆயில் நீர்க்கும், நீர்த்தால் கசிவு ஏறும், கசிவில் இன்னும் சூடு. ஒரு எச்சரிக்கை: ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் பம்பில் இந்தச் சதவீதத்தை முழு ஓட்டத்தோடுதான் ஒப்பிட வேண்டும். செட் செய்த அழுத்தம் வந்ததும் ஓட்டத்தைக் குறைக்கும் காம்பன்சேட்டரில் பம்ப் நிற்கும்போது அந்த நேரத்து ஓட்டத்தோடு ஒப்பிட்டால் நல்ல பம்பும் செத்ததாகத் தெரியும்.

பஞ்சாயத்தைத் தீர்ப்பதும் இந்த அளவுதான். டெஸ்ட் பெஞ்சில் 3 லிட்டர். மெஷினில் மாட்டிய முதல் நாள், அதே அழுத்தம், அதே ஆயில் சூட்டில் 3 லிட்டர். பத்து நாளில் 7 லிட்டர். பம்பை மெஷின் தின்றிருக்கிறது. முதல் நாளே 7 என்றால் ரிப்பேர்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு மலிவான அத்தாட்சியை ஏன் யாரும் எடுத்து வைப்பதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். அல்லது, எடுத்து வைத்தால் பழி தன் மேல் விழுமோ என்று இரண்டு பக்கமும் பயப்படுகிறதோ என்னவோ.

திரும்பத் திரும்பப் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம், முதல் பம்ப் செத்தபோது கக்கியதை யாரும் வெளியே எடுக்காததுதான். டேங்க் ஆயிலை மாற்றிவிட்டு "ஃப்ளஷ் பண்ணியாச்சு" என்கிறார்கள். கூலர்? வால்வ் பிளாக்? சிலிண்டர்? ஒரு சிறு கணக்கு. 40 மி.மீ. போர், 300 மி.மீ. ஸ்ட்ரோக் சிலிண்டர் ஒரு முறைக்குக் குடிப்பது சுமார் 377 சிசி. அதற்குப் போகும் 12 மி.மீ. உள்விட்ட ஹோஸ் 5 மீட்டர் நீளம் என்றால் அதற்குள்ளேயே 565 சிசி நிற்கும். ஆக, அந்தச் சிலிண்டரில் இருக்கும் ஆயில் டேங்குக்கு வருவதே இல்லை, ஹோஸுக்குள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். துகளும் கூடவே ஆடும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறி வரும். சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் சிலிண்டர் முனையில் கழற்றி, அந்த முனைகளை ஒன்றோடொன்று இணைத்துச் சுற்றவிட வேண்டும். சிலிண்டரைத் தனியாக வடிக்க வேண்டும். கூலரின் உள் குழாய்களை முழுதாகச் சுத்தம் செய்வது கடினம், பம்ப் பெரிதாக உடைந்திருந்தால் மாற்றுவதே மலிவு. பம்பும் ஹைட்ராலிக் மோட்டாரும் நேருக்குநேர் சுற்றும் மூடிய சர்க்யூட்டில் ஒன்றை மட்டும் ரிப்பேர் செய்வது பணத்தை எரிப்பது. பம்பின் துகள் மோட்டாருக்குள், மோட்டாரின் துகள் பம்புக்குள்.

புது டிரம் ஆயில் சுத்தம் என்று நம்பாதீர்கள். பிஸ்டன் பம்புக்கு, துகளை எண்ணி ஆயிலின் சுத்தத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 4406 முறையில் 18/16/13 நல்ல இலக்கு. முதல் எண் 18 என்றால் ஒரு மில்லிலிட்டரில் 4 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 1300க்கு மேல், 2500 வரை. அதுவே 21 என்றால் 20,000 வரை, எட்டு மடங்கு. வால்வ் பிளேட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஆயில் படலம் சில மைக்ரான்தான். கண்ணுக்குத் தெரியாததுதான் அங்கே புகுந்து அறுக்கும். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து "பளிச்னு இருக்கு" என்பது டெஸ்ட் இல்லை. டிரம்மிலிருந்து ஃபில்டர் வழியே பம்ப் செய்து ஏற்றுங்கள்.

இதுவரை மெஷின் பக்கம். ரிப்பேர் பக்கமும் சுத்தம் இல்லை. வெண்கல முகம் கொண்ட பிளாக்கை வால்வ் பிளேட்டின் மேலேயே வைத்து, உரசும் மணி கலந்த லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பேஸ்டின் மணி மென்மையான வெண்கலத்தில் பதிந்துவிடும், எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. அதன்பின் அந்த முகம் உப்புத்தாள். ஓடும்போதே எதிர் முகத்தை அறுக்கும். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக, சமதளமான லேப் பிளேட்டில் எடுக்க வேண்டும். இன்னொன்று, வால்வ் பிளேட், ஸ்வாஷ் பிளேட் ஆகியவற்றின் கடினத் தோல் மெல்லியது. கோடு போகும்வரை அரைத்துத் தள்ளினால் தோல் போய் உள் இரும்புதான் மிஞ்சும். கண்ணாடி மாதிரி மின்னும், நிற்காது. ஒன்பது ஷூவில் மோசமான இரண்டை மட்டும் மாற்றுவதும் தப்பு. விளிம்புத் தடிமன் எல்லாவற்றுக்கும் மைக்ரோமீட்டரில் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் ரிடெய்னர் சிலதை நெரிக்கும், சிலதைத் தளர விடும். இடது சுற்று வால்வ் பிளேட்டை வலது சுற்றுப் பம்பில் மாட்டி, சத்தமும் சூடுமாக ஓடவிடுவதும் நடக்கிறது.

செட்டிங்கில் ஒன்று மட்டும். அழுத்தம் மீறினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பும் ரிலீஃப் வால்வ், காம்பன்சேட்டரைவிட 15 முதல் 20 பார் மேலே இருக்கட்டும். இரண்டும் ஒரே எண்ணில் நின்றால் பம்பின் ஓட்டம் குறையவே குறையாது, ஆயில் ரிலீஃபில் கொட்டிச் சூடாகும். முள் கேஜில் அழுத்தக் குத்து தெரியாது, மில்லிவிநாடியில் படிக்கும் சென்சார் வேண்டும். கப்ளிங்கைச் சுத்தியால் அடித்து ஏற்றாதீர்கள், அந்த அடி நேராகப் பேரிங்குக்கும் ஸ்வாஷ் பிளேட்டுக்கும் போகும். அலைன்மென்டை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ஷாஃப்டின் பல்வரியான ஸ்ப்லைனில் செந்தூள் தெரிந்தால் அங்கே உரசல்.

ஸ்டார்ட் செய்யும் முறை: கேஸை மேல் போர்ட் வழியே வடிகட்டிய ஆயிலால் நிரப்புங்கள். சக்ஷன் வால்வ் திறந்திருக்கிறதா பாருங்கள். லோடு இல்லாமல், பம்பைச் சுற்றும் மோட்டாரின் சுவிட்சை ஒரு தட்டு தட்டித் திசை பாருங்கள். மறுபடி இரண்டு மூன்று தட்டு. காற்று வெளியேறும்வரை லோடு இல்லாமல் சில நிமிடம் ஓடட்டும். பிறகு அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, கேஸ் டிரெய்ன் அளவை எழுதுங்கள்.

பம்பை ரிப்பேருக்கு அனுப்பும்போது ஓடிய மணி நேரம், சக்ஷன் வெற்றிடம், கேஸ் அழுத்தம், ஆயில் ரிப்போர்ட் நான்கையும் சீட்டில் எழுதிக் கட்டுங்கள். திரும்பி வரும்போது கழுவாத பழைய பாகங்களையும் ஒரு பெஞ்ச் ஷீட்டையும் கேளுங்கள். அதில் ஆர்பிஎம், ஆயில் சூடு, அழுத்தம் இல்லாதபோதும் முழு அழுத்தத்திலும் வந்த ஓட்டம், அப்போதைய கேஸ் லீக்கேஜ் இருக்க வேண்டும். மேலே சொன்ன 71 சிசி பம்ப் 200 பாரில் 98 லிட்டர் தந்தால் 92 சதவீதம், மாட்டலாம். வெறும் "டெஸ்டட் ஓகே" முத்திரை மட்டும் இருந்தால் பம்பை வாங்காதீர்கள். பெஞ்சில் உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.