குழந்தையே இல்லாத குழந்தை உளவியல்

கல்வி உளவியலில் முதுகலை படிப்பவர்களிடம் சுவிஸ் உளவியலாளர் பியாஜே என்று ஆரம்பித்தாலே போதும், குழந்தையின் சிந்தனை வளர்ச்சிக்கு அவர் சொன்ன நான்கு நிலைகளையும் வயதோடு ஒப்பித்துவிடுவார்கள். டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை மேம்பாட்டுக்கு என்பதால், பி.எட்.டிலேயே மனப்பாடம் ஆகியிருக்கும். சரி, அந்த முடிவுக்கு அவர் எப்படி வந்தார், அப்புறம் அதற்கு என்ன ஆனது என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

அவருடைய ஒரு சோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். காய்களை இரண்டு வரிசையாகச் சமமாக அடுக்கி, "ரெண்டும் ஒரே எண்ணிக்கையா?" என்று நான்கைந்து வயதுக் குழந்தையிடம் கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லும். ஒரு வரிசையைக் கொஞ்சம் பரப்பி வைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று சொல்லிவிடும். ஆக, எண்ணிக்கை மாறாமை, அதாவது அடுக்கும் விதம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பது, அந்த வயதில் புரியாது என்பது பியாஜேயின் முடிவு. நம் கைடுகள் இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன.

1974-இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இருவர் அதில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்ல, திடீரென்று பாய்ந்து வந்த ஒரு குறும்புக் கரடி பொம்மை. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்போது சரியாகச் சொன்னார்கள். அதே ஆண்டு ரோஸ், பிளாங்க் இருவரும் கேள்வியைக் கடைசியில் ஒரே ஒரு முறை மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். அதிலும் தவறுகள் குறைந்தன. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், பதிலையும் மாற்றச் சொல்கிறார் என்றுதான் குழந்தை எடுத்துக்கொள்கிறது. நம் வகுப்பில் "நல்லா யோசிச்சு சொல்லு" என்று ஆசிரியர் சொன்னதும், சரியான விடையை அழித்துவிட்டு வேறொன்றை எழுதும் பிள்ளையை யார்தான் பார்த்ததில்லை?

பியாஜேயை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தன் மூன்று குழந்தைகளையும் பக்கத்திலிருந்து கவனித்துக் குறிப்பெழுதியவர். அவர் செய்ததைச் செய்யாமல் அவர் சொன்னதை மட்டும் படிப்பதுதான் என் வருத்தம். எம்.எட். ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள். மேல்நிலை மாணவர்களின் ஏதோ ஒரு மனப்பான்மை, ஒரு வினாநிரல், ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார், இரு பிரிவுகளின் சராசரியை ஒப்பிட ஒரு டி-சோதனை. தலைப்பை மாற்றினால் அடுத்த ஆய்வேடு தயார். மாணவர் வாய் திறந்து பேசிய ஒரு வரியும் அதில் இருக்காது.

இரண்டு வருடப் படிப்பில் ஒரு பருவத்தையாவது இதற்கு ஒதுக்கலாம். பக்கத்து அங்கன்வாடியில் அனுமதி வாங்கி, பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் இந்தச் சோதனையை இரண்டு விதமாகவும் செய்து, குழந்தை பேசியதை அப்படியே எழுதிவரட்டும். செலவு என்ன, பத்துப் புளியங்கொட்டையும் ஒரு பொம்மையும்தான். பலருக்குப் பாடப்புத்தகம் சொன்னபடி வராது. வரவேண்டாமே. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் கேட்பதற்கு அப்போதாவது உருப்படியாக ஏதாவது இருக்கும்.