"ஒண்ணுமில்ல மக்களே" வீடியோவுக்கு

போலந்துத் தலைநகர் வார்சா பற்றிய அந்த டிராவல் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீடியோ போட்டவர் அங்குள்ள முரானூவ் குடியிருப்பில் நின்று "கம்யூனிஸ்ட் காலத்து டப்பா வீடு, பார்க்க ஒண்ணுமில்ல மக்களே" என்றுவிட்டு, பழைய நகரத்துக்கு ஓடி செல்ஃபி எடுத்தாரே, அதேதான். அவர் வாய் பிளந்த சந்தைச் சதுக்கம் இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகி, திரும்பக் கட்டி 1953-ல் திறந்தது. அவர் உதறிவிட்டுப் போன டப்பா வீடுகளின் சுவருக்குள் போருக்கு முந்தைய செங்கல் இருக்கிறது!

1940 நவம்பரில் நாலு லட்சம் யூதர்களை நாஜிகள் அடைத்துப் பூட்டிய கெட்டோ என்ற தனிப் பகுதியின் பெரும்பங்கு முரானூவ். 1942 கோடையில் பெரும்பாலோரை ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயிலேற்றிக் கொன்றார்கள். 1943 ஏப்ரலில் எஞ்சியவர்கள் ஆயுதம் எடுத்தார்கள். நாஜிகள் கெட்டோவைத் தெருத்தெருவாகக் கொளுத்தி இடித்துத் தள்ளினார்கள்.

அவ்வளவு இடிபாட்டையும் அள்ளிப்போக வண்டி ஏது? போருக்குப் பின் கட்டடக் கலைஞர் பொஹ்தான் லாகெர்ட் அதன் மேலேயே கட்டினார். கொஞ்சத்தை நிரவி மேடாக்கி, கொஞ்சத்தை நொறுக்கி சிமென்ட் சேர்த்துக் கல் வார்த்தார்கள். லேசான வேலை இல்லை. செங்கல் ஜல்லி தண்ணீர் குடிக்கும். முதலில் ஊறவைக்காவிட்டால் கலவையின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சிமென்ட் சரியாக இறுகாது. பழைய ஜிப்சம் பூச்சு கலந்தால் நாளாவட்டத்தில் கல் உப்பி வெடிக்கும். மேடு ஒருபக்கம் அமுங்கினால் சுவர் விரிசல் விடும். வாசலுக்கு ஏறும் படிகளை வீடியோவில் பார்த்தீர்களா? அது அலங்காரமில்லை, இடிபாட்டின் உயரம்.

"அசிங்கமா இருக்குன்னு சொல்லக்கூடாதா?" தாராளமாகச் சொல்லுங்கள். குடிவந்தவர்களே சொன்னார்கள். துக்கத்தின் அடையாளமாக லாகெர்ட் பூசாமல் விட்ட சுவர்களை, புகார் வந்ததும் 1950-களின் தொடக்கத்தில் பூசி மறைத்தார்கள். அவர்கள் அங்கே வாழவேண்டியவர்கள், குறை சொல்லமாட்டேன். இவர் பத்து நிமிஷம் நின்றவர்.

"டிராவல் வீடியோவில் சோகம் எதுக்கு?" ஆமாம், வியூஸ் வராது. மன்னிக்கவும்.

ஒண்ணுமில்லையாம். அதே முரானூவில், நொவொலிப்கி தெரு 68-ம் எண் கட்டடத்தின் அடியில், வரலாற்றாசிரியர் ரிங்கெல்பிளம் நடத்திய ரகசியக் குழு கெட்டோ வாழ்க்கையை எழுதிப் புதைத்தது. டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம்கூட விடவில்லை. 1946-ல் பத்துத் தகரப் பெட்டிகளைத் தேடி எடுத்தார்கள். 1950 டிசம்பரில் கட்டுமான வேலையின்போது அந்த ஆவணங்களை அடைத்த இரண்டு பால் கேன்கள் வெளியே வந்தன. வேறிடத்தில் புதைத்த மூன்றாவது பங்கு இன்றுவரை கிடைக்கவில்லை.