கைதைக் காட்டுகிறவர்கள் தீர்ப்பை ஏன் காட்டுவதில்லை?

அமெரிக்காவில் ஒருவர் கைதானாரா என்று கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் போதும். அவர் மீதான வழக்கு தள்ளுபடியானது என்பதைக் கண்டுபிடித்து, அதை முத்திரையிட்ட காகிதமாகக் கையில் வாங்குவதற்கோ ஒரு குடும்பம் வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கிறது. இரண்டுமே பொது ஆவணங்கள். பெரும்பாலும் ஒரே கவுண்டியின், அதாவது நம் ஊர் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவின், அலுவலகங்களில் இருப்பவை. மக்களின் வரிப்பணத்தில் பராமரிக்கப்படுபவை. அப்படியிருக்க, குற்றச்சாட்டை மட்டும் படத்தோடு உலகுக்குக் காட்டிவிட்டு, அதன் முடிவை எவர் கண்ணுக்கும் எளிதில் படாத இடத்தில் வைத்திருப்பது எந்த வகை நீதி என்று எனக்கு விளங்கவில்லை.

டெக்சாஸில் என் நண்பர் ஒருவரின் தம்பிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இரவு விருந்து முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தவரைச் சாலையோரம் நிறுத்திய காவலர், மது அருந்திவிட்டு ஓட்டுவதாகச் சந்தேகித்துக் கைது செய்தார். கவுண்டிச் சிறையில் கைரேகை எடுத்தார்கள், சுவரருகே நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள், மறுநாள் பிணையில் விட்டார்கள். சில மாதங்கள் கழித்து வந்த இரத்தப் பரிசோதனை முடிவு, இரத்தத்தில் மதுவுக்குச் சட்டம் வகுத்திருக்கும் 0.08 விழுக்காடு என்னும் அளவுக்கு வெகு கீழே இருந்தது. அரசு வழக்கறிஞரே வழக்கைக் கைவிட்டார். ஆனால் தூக்கமும் பயமும் கலந்த முகத்தோடு எடுக்கப்பட்ட அந்தப் படம், கவுண்டியின் காவலுக்கும் சிறைக்கும் பொறுப்பான ஷெரீப்பின் அலுவலகச் சிறைப் பதிவேட்டிலிருந்து தனியார் தளங்களுக்குப் போய், அவருடைய பெயரைக் கூகுளில் தட்டினால் வேலை, படிப்பு எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. கோயம்புத்தூரில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் பெயரைத் தேடினார்கள். அமெரிக்க மாப்பிள்ளை என்றால் இப்போது எல்லோரும் தேடத்தான் செய்கிறார்கள், அதில் தவறில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அந்தப் படமும் அதன் கீழே ஒரு குற்றப் பிரிவும்தான். வழக்கு தள்ளுபடியான செய்தி அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. சம்பந்தம் அன்றோடு நின்றுபோனது.

பத்திரிகையில் தவறான செய்தி வந்தால் மறுப்பாவது கேட்கலாம். இங்கே வெளியான செய்தி பொய்யல்ல. அவர் கைதானது உண்மை. பாதி உண்மையை மட்டும் அழியாத இடத்தில் பதித்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விடுவதுதான் கொடுமை, அதைத்தான் இந்த முறை தினந்தோறும் செய்துகொண்டிருக்கிறது.

சரி, மீதி உண்மையைத் தேடிப் போவோம் என்று உட்கார்ந்தால், கவுண்டியின் பெயரையும் கைதுப் பதிவு என்பதையும் சேர்த்துத் தேடிய உடனே வரிசையாக வந்து நிற்பவை அரசுத் தளங்களே அல்ல. நீதிமன்றத் தூண்களின் படமும், நட்சத்திரச் சின்னமும், அரசு அலுவலகத்தின் நிறமும் பூண்ட தனியார் கடைகள் அவை. பெயரைக் கொடுத்ததும் ஏதோ ஆவணக் கிடங்கையே புரட்டுவது போல ஒரு பட்டை மெல்ல நிரம்புகிறது; அதிர்ச்சியான தகவல் கிடைத்திருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்துகிறது; கடைசியில் கடன் அட்டை எண்ணைக் கேட்கிறது. கொடுத்தால் மாதாமாதம் பணம் போகிறது. 2023-ஆம் ஆண்டு ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் என்னும் இரு பின்னணித் தேடல் நிறுவனங்கள் மீது அமெரிக்க மத்திய அரசின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. வெறும் போக்குவரத்து அபராதச் சீட்டு வாங்கியவரைக்கூடக் குற்றப் பதிவு உள்ளவர் என்று காட்டி வாடிக்கையாளரை இழுத்தார்கள் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 58 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. அந்தத் தொழில் நிற்கவில்லை. மக்களின் அச்சத்தை விற்றுக் காசாக்கும் தளங்கள் இன்றும் தேடலின் முதல் பக்கத்தில்தான் இருக்கின்றன.

அவற்றைத் தாண்டி ஷெரீப் அலுவலகத்தின் உண்மையான தளத்துக்கு வந்து சேர்ந்தாலும், பல கவுண்டிகளில் அந்தப் பதிவேடு இன்று சிறையில் இருப்பவர்களை மட்டுமே காட்டும். விடுதலையானவரின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும்; அதற்குள் அதை நகலெடுத்த தனியாரிடம் மட்டும் மறையாமல் இருக்கும். தமிழ்ப் பெயராக இருந்துவிட்டால் தொல்லை இன்னும் கூடுகிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் ஓர் ஆவணத்தில் பின்னால் நிற்கும், இன்னொன்றில் முன்னால் நிற்கும், கடவுச்சீட்டில் ஒரே பெயர் இருந்தால் முதல் பெயர் தெரியவில்லை என்னும் பொருளில் FNU என்று மூன்று எழுத்துகளை விசாவில் அடித்துவிடுவார்கள். நள்ளிரவில் சிறை வாசலில் கணினி முன் அமர்ந்திருப்பவர் அந்த நீண்ட பெயரை எப்படி எழுத்துக்கூட்டினாரோ அப்படியேதான் தேட வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அப்படி ஒருவர் இல்லை என்று பதில் வரும். மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் தவிக்கும் பெற்றோருக்கு அந்தப் பதில் என்ன செய்யும் என்று யாராவது யோசித்தார்களா?

வழக்கின் முடிவு ஷெரீப்பிடம் இருக்காது. டெக்சாஸில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. பொதுவாக ஒவ்வொன்றிலும் ஷெரீப் தனியாகத் தேர்தலில் வென்று வருகிறார், கோப்புகளைக் காக்கும் மாவட்ட நீதிமன்ற எழுத்தர் தனியாக வென்று வருகிறார், கவுண்டி எழுத்தர் தனியாக வென்று வருகிறார். பெரும்பாலான இடங்களில் பெரிய குற்றத்தின் கோப்பு ஒருவரிடம், சிறிய குற்றத்தின் கோப்பு இன்னொருவரிடம், அபராதத்தோடு முடியும் மிகச் சிறிய வழக்கோ அமைதி நீதிபதி எனப்படும் கீழ்நிலை நீதிபதியிடம் அல்லது நகராட்சி நீதிமன்றத்தில். சிறைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு எண்ணும் ஒன்றல்ல. எந்த எண்ணைக் கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்ல எந்த அலுவலகத்துக்கும் கடமை இல்லை. என் நண்பரின் குடும்பத்தை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே இருந்தவர் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பினார். எழுத்து மூலம் விண்ணப்பித்து, பக்கத்துக்கு இவ்வளவு, முத்திரைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்திய பிறகுதான் நகல் வந்தது.

அந்த நகல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். வெளிநாட்டவருக்கு அது உயிர்நாடி. மது அருந்தி வண்டி ஓட்டியதாகக் கைதானாலே, தண்டனை உறுதியாகும் வரை காத்திராமல் அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். 2015 முதல் இந்த நடைமுறை நடக்கிறது. சென்னைத் துணைத் தூதரகத்தில் மீண்டும் விசா கேட்டு நிற்கும்போதும், கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போதும், எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டும். வழக்கு என்ன ஆயிற்று என்பதற்கு நீதிமன்றம் சான்றளித்த ஆவணத்தை வைக்க வேண்டும். இதைவிட வேதனையானது, வழக்கு தள்ளுபடியானவர் தன் கைதுப் பதிவை நீக்கக் கோரும் உரிமையே அதற்குக் குறுக்கே நிற்பது. நீதிமன்றம் நீக்க உத்தரவு இட்டால் கோப்புகள் அழிக்கப்படும். ஆனால் குடியேற்றத் துறை, நீக்கப்பட்ட கைதையும் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆகவே நீக்கும் முன்பே சான்றளித்த நகல்களை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள் என்று வழக்கறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு இதை யார் சொல்வார்கள்? தன் பெயரைத் துடைத்துக்கொள்ள முயன்றவர், தான் குற்றமற்றவர் என்பதற்கான ஒரே சான்றையும் இழந்து நிற்கிறார். தனியார் தளத்தில் படம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அரசே நேரடியாக இந்தத் தவறைச் செய்ததும் உண்டு. பென்சில்வேனியாவின் பக்ஸ் கவுண்டி, 1938 வரை பின்னோக்கிச் சென்று தன் சிறைக்கு வந்தவர்களின் விவரங்களை இணையத் தேடலில் வைத்தது. நீதிமன்ற உத்தரவால் பதிவு நீக்கப்பட்ட ஒருவரின் தகவலும் அதில் இருந்தது. தன்னைப் போன்றவர்கள் சார்பிலும் அவர் தொடுத்த வழக்கில், மாநிலத்தின் குற்றப் பதிவுச் சட்டத்தைக் கவுண்டி தெரிந்தே மீறியது என்று 2019-இல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) முடிவு செய்து, ஆளுக்கு 1,000 டாலர் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் வரம்புக்குள் வந்தவர்கள் ஏறத்தாழ 67,000 பேர்.

கைதுகளை மறைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. யாரை எங்கே அடைத்து வைத்திருக்கிறது என்பதை அரசு சொல்லித்தான் ஆக வேண்டும்; சொல்லாத நாடுகளில் பிள்ளைகளைத் தேடி அலைந்த தாய்மாரின் துயரம் தமிழர்களுக்குப் புதிதல்ல. கென்டக்கியில் 1993-இல், முன்னாள் காதலன் பிணையில் வெளிவந்தது தெரியாமலேயே ஓர் இளம்பெண் அவனால் கொல்லப்பட்டாள். அதன் பிறகுதான் கைதியின் விடுதலையைப் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்கும் வைன் என்னும் ஏற்பாடு 1994-இல் அங்கே பிறந்தது. தகவல் வெளியே இருக்க வேண்டியது உயிர் காக்கும் காரியம். அதற்கு முகத்தின் படம் எதற்கு என்பதுதான் என் கேள்வி. மத்திய அரசு கைது செய்தவர்களின் படங்களை வெளியிட 1996-இல் இசைந்த, கூட்டாட்சி வட்டார நீதிமன்றங்களில் ஒன்றான ஆறாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றமே, இணையத்தில் அவை என்றென்றும் நிற்பதைப் பார்த்து 2016-இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. யூட்டா மாநிலம் 2021-இல் பொதுவாகத் தண்டனை உறுதியாகும் வரை படத்தை வெளியிடத் தடை விதித்தது. டெக்சாஸில் 2013 முதல் உள்ள சட்டமோ, தவறான பதிவைத் திருத்தவோ நீக்கவோ தளங்கள் காசு கேட்கக்கூடாது என்பதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. படம் வெளியே போவதை அது தடுக்கவில்லை.

தண்டனை உறுதியாகும் வரை படத்தை வெளியிடாதீர்கள். பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் நீதிமன்ற வழக்கு எண்ணைச் சேருங்கள். வழக்கு தள்ளுபடியானால், கைது எந்தப் பக்கத்தில் வெளியானதோ அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அதை எழுதுங்கள். சான்றளித்த நகலை, வழக்கு முடிந்த அன்றே, கட்டணமின்றி, கைதானவர் கையில் கொடுங்கள். நள்ளிரவில் படம் பிடித்து விடிவதற்குள் உலகுக்கே காட்ட ஆளும் கணினியும் வைத்திருக்கும் கவுண்டியால் இதைச் செய்ய முடியாது என்று சொன்னால், நான் நம்ப மாட்டேன்.