சுவரில் செதுக்கிய ரொட்டி

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்துப் பேராலயத்துக்குப் போகிறவர்கள் முதலில் அதன் 116 மீட்டர் உயரக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, கோபுரத்தின் அடியில் இருக்கும் வாசல் மண்டபத்துச் சுவருக்கு முன்னாலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அங்கே ரொட்டியின் வடிவத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், 1270, 1317, 1320 என்று ஆண்டுகளோடு. தானிய அளவு, துணிக்கான முழம், செங்கல் அளவு எல்லாம் கூடவே இருக்கின்றன.

சந்தையில் ரொட்டி வாங்கியவருக்குச் சந்தேகம் வந்தால் நேராக இங்கே வந்து கல்லோடு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதும் இல்லை.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது, அந்த ரொட்டிகள் எல்லாம் ஒரே அளவில் இல்லை என்பதுதான். அந்தக் காலத்து ஜெர்மன் நகரங்களில் ரொட்டியின் விலையை அப்படியே வைத்துக்கொண்டு, விளைச்சலுக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். 1315 முதல் 1317 வரை விடாத மழையில் வட ஐரோப்பா முழுக்கப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் அதே காசுக்குச் சின்ன ரொட்டிதான் கிடைக்கும். ஆனால் எவ்வளவு சின்னது என்பது ஊருக்கே தெரியும்.

அந்தச் சந்தைகளைச் சொர்க்கமாக்க நான் வரவில்லை. எடை குறைத்த ரொட்டிக்காரரைக் கூண்டில் அடைத்துத் தண்ணீரில் முக்கி எடுத்த ஊர்கள் உண்டு. ஏமாற்று இருந்ததால்தானே அந்தத் தண்டனை! ஆனால் வாங்குகிறவர் பக்கம் நிற்க வேண்டியது ஊரின் கடமை என்று நினைத்தார்கள். பல நகரங்களில் காலையில் சந்தைக்கொடி ஏறும். அது இறங்கும்வரை வீட்டுக்கு வாங்குகிறவர்களுக்குத்தான் முதல் உரிமை. மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரி காத்திருக்க வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது? 2009 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பாலான உணவுப் பொருட்களுக்குப் பொட்டலத்தின் அளவை நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு முன் பால், சாக்லேட் போன்றவற்றுக்கு நிலையான அளவுகள் இருந்தன. போன மாதம் வாங்கிய அதே பிஸ்கட், அதே அட்டை, அதே விலை. வீட்டில் பழைய உறையோடு வைத்துப் பார்த்தபோதுதான் எடை குறைந்திருப்பது தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது குறைத்ததற்காக அல்ல, மறைத்ததற்காக. ஹாம்பர்க் நுகர்வோர் மையம் இப்படிப்பட்ட ஏமாற்றுப் பொட்டலங்களைப் பட்டியலிட்டு, ஆண்டுதோறும் மக்களிடம் வாக்கெடுப்பும் நடத்துகிறது. நல்ல வேலைதான். ஆனால் அதைத் தேடிப் படிக்க எல்லோருக்கும் நேரம் இருக்குமா?

அலமாரியில் கிலோ விலை போட்டிருக்கிறதே என்பார்கள். சரி, இன்றைய கிலோ விலை தெரியும். போன மாதத்து விலை எங்கே?

பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், அளவு குறைந்து கிலோ விலை ஏறிய பொருளுக்குப் பக்கத்தில் பெரிய கடைகள் இரண்டு மாதம் அறிவிப்பு வைக்க வேண்டும். எனக்கு அதுவும் போதாது. பொட்டலத்தின் முன்பக்கத்திலேயே பழைய அளவு, புதிய அளவு, மாற்றிய தேதி மூன்றும் இருக்க வேண்டும். ஃப்ரைபுர்க்கில் அதைக் கல்லில் செதுக்க முடிந்தது. அட்டையில் அச்சடிக்க முடியாதா?