மீனை நிறுத்தச் சொன்னவருக்கு

பாலூட்டும் தாய்மார் மீனை நிறுத்த வேண்டும் என்று ஒரு வல்லுநர் சொல்லும் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் பாலூட்டும் தாய்மார் மூவர் தனித்தனியே அதை எனக்கு அனுப்பி, "இனி மீனே தொடக் கூடாதா?" என்று கேட்ட பிறகு வாளாவிருக்க முடியவில்லை. மீனில் பாதரசம் இருக்கிறது என்று முழங்கிய அந்த வல்லுநர், குழந்தையின் மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டிஎச்ஏ என்னும் கொழுப்பு அமிலமும் அதே மீனில்தான் இருக்கிறது என்பதை ஏனோ மறந்துவிட்டார்.

தாய் உண்பதைப் பொறுத்தே பாலில் டிஎச்ஏ ஏறி இறங்குகிறது. பாலின் மொத்தக் கொழுப்பு அமிலங்களில் அதன் உலகச் சராசரியே ஏறத்தாழ 0.3 சதவீதம்தான், மீனை அறவே விட்டால் அதுவும் குறையும். ஆளி விதை போதாதா என்பார்கள். போதாது, அதிலுள்ள அமிலத்தில் மிகச் சொற்பத்தையே உடல் டிஎச்ஏவாக மாற்றுகிறது. மீன் உண்ணாதவர்களுக்குப் பாசி எண்ணெய் மாத்திரை உண்டு, அது வேறு கதை.

என் மூத்தவளுக்குப் பாலூட்டிய காலத்தில் ஒரு மருத்துவர், தலை நிமிராமலே சீட்டில் "மீன் வேண்டாம்" என்றெழுதி இரண்டு கோடு இழுத்தார். எந்த மீன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து மாதம் அந்த இரட்டைக் கோட்டுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தேன்.

எந்த மீன் என்பதுதானே கேள்வி! பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் சுறா, வாள்மீன் போன்றவற்றில்தான் பாதரசத்தின் நச்சு வடிவமான மெத்தில் பாதரசம் மிகுதியாகச் சேர்கிறது. மத்தியிலும் நெத்திலியிலும் அது மிகக் குறைவு, நல்ல கொழுப்போ நிறைவு. பாதரசம் குறைந்த மீனை வாரம் இரண்டு மூன்று வேளை உண்ணும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே பாலூட்டுவோருக்குச் சொல்கிறது.

"அப்படியானால் நச்சு உலோகத்துக்கு வக்காலத்தா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: இல்லை. பாதரசம் மட்டுமல்ல, ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களும் உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது செல்களைச் சிதைக்கும் வேதிவினைகளைக் கூட்டுபவை. அதில் எளிதாகச் சிதைபவை இரட்டைப் பிணைப்புகள் மிகுந்த டிஎச்ஏ போன்ற அமிலங்களே. அத்தகைய உடலுக்கு உணவு வழியே வருவதையும் நிறுத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஈயமோ இன்றைய தட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. பல்லாண்டுகளாக எலும்பில் உறைந்திருந்து, பாலூட்டும்போது கால்சியம் கரைகையில் அதனோடு இரத்தத்தில் இறங்குகிறது. ஈயம் கலந்த பெட்ரோல் உலகிலிருந்து ஒழிந்ததே 2021இல்தான். சிறுமியாக ஒரு தாய் சுவாசித்த புகைக்கும் இன்று அவள்தான் பதில் சொல்ல வேண்டுமாம். பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தவர்களை நோக்கி ஒரு காணொளியும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

மூவருக்கும் சிறுமீன் உண்ணும்படியும் கால்சியத்தைக் குறைக்காதிருக்கும்படியும் எழுதினேன். இருவர் நன்றி சொன்னார்கள். மூன்றாமவள், "ஆனால் அவர் பெரிய வல்லுநராயிற்றே அக்கா" என்று பதில் அனுப்பியிருக்கிறாள்.