கொப்பி சரி, குவெரிதான் பிழை

நேற்று இங்க போட்ட ஹாட்வெயர் கடைக் கணக்கு றிப்போட் படத்துக்கு எல்லாரும் சிரிச்சு முடிஞ்சுதோ? ஒரு நாளில மூண்டு பதிவு, மூண்டிலயும் ஒரே மீதி. "முதலாளிக்குக் கூட்டத் தெரியாது" எண்டு பகிடி வேற. கூட்டினது முதலாளியே? குவெரியெல்லோ, தரவுத்தளத்திட்டக் கணக்குக் கேக்கிற எஸ்கியூஎல் கட்டளை.

முன்மீதி, அதாவது கட்டக் கிடந்த பழைய கடன், 12,000. அண்டைக்குச் சீமெந்து 5,000, கம்பி 8,000, பிறகு கட்டின காசு 10,000. 17,000, 25,000, 15,000 எண்டு வந்திருக்கவேணும். வந்தது மூண்டும் 15,000. கடைசி வரி சரி பாருங்கோ, அதாலதான் சோதிச்ச ஆக்களுக்கும் பிடிபடேல்லை.

வரி வரியாக் கூட்டிக்கொண்டு போற சம் ஓவர் எண்ட கட்டளைக்குள்ள, வரிசையைச் சொல்லுற ஓடர் பையில திகதியை மட்டும் எழுதினால், அது ரேஞ்ச் எண்டு எடுத்து ஒரே திகதிக்காரர் எல்லாரையும் ஒரு கட்டாக் கூட்டிப்போடும். திகதிக்குப் பின்னால பதிவு இலக்கத்தையும் போட்டு, முதல் வரியில இருந்து இந்த வரி மட்டும் ஒவ்வொரு வரியாக் கூட்டச் சொல்லுற றோஸ் அன்பவுண்டட் பிரிசீடிங் எண்டு எழுதுங்கோ. இலக்கத்தை விட்டிட்டு றோஸ் மட்டும் போட்டால் இண்டைக்கு ஒரு வரிசை, நாளைக்கு இன்னொண்டு. வரிசை இல்லாட்டி மீதி இல்லை.

ஏப்பிரல் 1இல இருந்து எண்டு, வரிகளை வடிகட்டுற வெயர் பகுதியில வெட்டினாலும் முன்மீதி போச்சு. வெட்டு முதல், கூட்டல் பிறகு. உள் குவெரியில கூட்டிப்போட்டு வெளியில வெட்டுங்கோ. வாங்கினது, கட்டினது ரெண்டில ஒண்டு நல், அதாவது பெறுமதியே இல்லாத வெற்றிடம், எண்டால் கழிச்ச விடையும் நல். சம் அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். வெற்றிடத்துக்குப் பதில் பெறுமதி குடுக்கிற கோஅலெஸ் போட்டுச் சைபராக்கவேணும்.

"மீதியையே அட்டவணையில ஒரு நிரலாச் சேமிச்சால் தலையிடி இல்லையே" எண்டு இப்ப ஒரு அண்ணை வருவார். போன மாதத்துப் பில் ஒண்டைப் பிந்திப் பதிஞ்சு பாருங்கோ அண்ணை, பிறகு வாற வரி முழுக்கப் பிழை. மாத முடிவு மீதியைப் பூட்டி வைக்கிறது வேற கதை. பதிவு கூடின இடத்தில அது தேவைதான், ஒத்துக்கொள்ளுறன். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில இன்னும் வேரியபிள் வச்சு மீதியைக் கூட்டுற ஆக்களுக்கு: 2018இல 8.0 பதிப்போட, சம் ஓவர் மாதிரியான வின்டோ ஃபங்ஷன் வந்திட்டுது, எழும்புங்கோ. எக்செல்லில இழுத்து விடலாமே எண்டிற ஆக்களோட எனக்குக் கதையே இல்லை.

எனக்குக் கோபம் குவெரியில கூட இல்லை. படத்தின்ட ஓரத்தில ஒரு கொப்பி விரிச்சபடி கிடக்கு, பெரிசாக்கிப் பாருங்கோ. பென்சிலால 17,000, 25,000, 15,000. மேல் வரி மீதி இல்லாமல் கீழ் வரி எழுத ஏலாது எண்டு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. றிப்போட் எழுதினவருக்குத் தெரியேல்லை, சிரிச்ச உங்களுக்கும் தெரியேல்லை.

முதல்ல அந்தப் படத்தை அழிச்சுப்போடுங்கோ. கடைப் பெயர்ப்பலகை வடிவாத் தெரியுது.